சுப்பையா மாமாவும் எட்டாவது ஸ்டில்லும்

1

இதை எழுதாமலேயே விட்டிருப்பேன். எழுதுவது என்றாலே எனக்குப் பல் டாக்டரிடம் போகிற மாதிரி. பத்தாவது வரை நான் பள்ளிக்கூடத்தைப் பொறுத்துக்கொண்டேன், பதினொன்றாவதில் பள்ளிக்கூடம் என்னைப் பொறுத்துக்கொள்ளவில்லை. அது போக, "ஜெரால்டு எழுதுனதா? அப்ப பாதிதான் நெசம்" என்று நம் ஊர் தாண்டிக்குடி பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து நீங்கள் சொல்வது ஜெர்மனி வரைக்கும் கேட்கிறது.

ஆனால் போன வாரம் என் போன் ஒரு காரியம் செய்தது. ஐந்து வருடத்துக்கு முன்னால் இதே நாளில் நீ எடுத்த படம் என்று தானாகவே ஒரு போட்டோவைத் தூக்கிக் காட்டியது. தியாகுவின் கல்யாண ஃப்ளெக்ஸ். பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்த்தினேன். அங்கேயேதான் இருந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தியாகு என் கூட்டாளி. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. இப்போது பண்ணையில் காப்பி நாற்று வளர்க்கிற வேலை. ஐந்து வருடமாக என்னோடு பேச்சு இல்லை. தப்பு யார்மேல் என்று பஞ்சாயத்து எல்லாம் வேண்டாம். என்மேல்தான்.

2

நான் இருப்பது லைப்சிக் என்கிற ஊர். அதற்கு முன்னால் வட்டக்கானலில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ஆம்லெட் போட்டுக்கொண்டிருந்தேன். காத்தரினா என்கிற ஜெர்மன்காரப் பெண் அங்கே ஒரு வாரம் தங்க வந்தாள். என் ஆம்லெட்டைச் சாப்பிட்ட பிறகும் என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள். இவ்வளவு தைரியமான பெண்ணை விடக்கூடாது என்று பின்னாலேயே வந்துவிட்டேன்.

இங்கே எனக்குப் பெயர் அந்தோணி. அது அப்பா பெயர் என்று உங்களுக்குத் தெரியும், இவர்களுக்குத் தெரியாது. வெளிநாட்டுக்காரர்களைப் பதிவு பண்ணுகிற ஆபீஸில் "திரு. அந்தோணி!" என்று கூப்பிட்டார்கள். அப்பா ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாரோ என்று வாசலைப் பார்த்தேன். "நான் ஜெரால்டு, அந்தோணி எங்கள் அப்பா" என்று விளக்கினேன். "தாளில் அந்தோணி என்று இருக்கிறது" என்றார் அந்த அம்மா. "தாள் தப்பு" என்றேன். "அப்படியானால் வேறு தாள் கொண்டு வாருங்கள்" என்றார். அந்த வேறு தாளை எந்த ஆபீஸில் தருவார்கள் என்று இன்றுவரை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

என் மகள் லீனாவுக்கு நாலு வயது ஆகப்போகிறது. அவளும் என்னைத் "திரு. அந்தோணி" என்று கூப்பிட்டுவிட்டுச் சிரிக்கிறாள். தமிழில் அவளுக்கு நான்கே சொல் தெரியும்: வா, போ, சோறு, ச்சீ. நான்கையும் வரிசையாகச் சொன்னால் எங்கள் வீட்டு நிலவரம் முழுவதும் வந்துவிடும்.

வேலை, படங்களுக்குச் சட்டம் போடுகிற கடையில். முதலாளி உல்ரிக்கே, அறுபது வயதுக்காரி. பழைய சினிமா போஸ்டர், பாட்டுப் புத்தகம், தியேட்டர் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டுவார்களே, அந்த ஸ்டில் எல்லாம் கட்டுக் கட்டாக வாங்குவார். மதராஸிலிருந்து வரும் கட்டுகளும் உண்டு. தமிழ்க் கட்டு எங்கே கண்ணில் பட்டாலும் வாங்குங்கள் என்று மூன்று வருடமாக அவரை அரித்துக்கொண்டிருக்கிறேன். ஏன் என்று கேட்டால், ஊர் ஞாபகம் என்று சொல்லி வைத்திருந்தேன். அது பொய். நான் தேடியது ஒரே ஒரு படம்.

3

படத்தின் பெயர் 'பனிமலைத் தீர்ப்பு'. நீங்கள் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

தியாகுவின் அப்பா சுப்பையா மாமா சின்னப் பையனாக சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர். அங்கே அவர்களைக் கள்ளத்தோணி என்றார்கள். இங்கே வந்து இறங்கினால் சிலோன்காரன் என்றார்கள். மாமாவுக்குப் பதினெட்டு வயது இருக்கும்போது நம் பக்கத்துக் காப்பித் தோட்டத்துக்கு ஷூட்டிங் வந்தது. முதலாளியிடம் தோட்டத்து ஆள் படுகிற பாட்டைச் சொல்கிற படம். தோட்டத்து ஆள் மாதிரி ஒருவன் வேண்டும் என்றார்கள். காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்த மாமா கையைத் துடைத்துக்கொண்டு போய் நின்றார். மேக்கப்காரர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, தோட்டத்து ஆள் மாதிரியே இல்லையே என்று முகத்தில் கரியை அப்பினாராம்.

"நா தோட்டத்து ஆளுதாங்கையான்னேன் தம்பி" என்பார் மாமா. "'அது ஒனக்குத் தெரியும், படம் பாக்குறவனுக்குத் தெரிய வேணாமா'ன்னாரு."

அன்றைக்கு மாமாவை மரத்தில் கட்டி, கழுத்தில் 'திருடன்' என்று பலகை மாட்டினார்கள். ஹீரோ வந்து, மனிதரில் எல்லாரும் சமம் என்று நீளமாக வசனம் பேசினார். நாலு டேக். முடிந்ததும் சாப்பாட்டு மணி. சினிமாக்காரர்களுக்கு இலை, தோட்டத்து ஆட்களுக்குத் தூரத்தில் பொட்டலம். சமம் பேசிய பசியில் மாமாவை அவிழ்க்க மறந்துவிட்டார்கள். "கயித்தோட நின்னு பொட்டலத்தப் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்பார்.

மறுநாள் மூஞ்சியைக் கழுவி, நல்ல சட்டை போட்டு, சும்மா நின்று சிரி என்றார்களாம். எதற்குச் சிரிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மாமா சிரித்துவிட்டு வந்துவிட்டார்.

அடுத்த வருடம் வத்தலக்குண்டு தியேட்டருக்குப் படம் வருகிறது என்று போஸ்டர் மட்டும் பஸ்ஸில் ஏறி மலைக்கு வந்தது. நம் ஊரில் வெளிச்சுவரில் போஸ்டர் ஒட்டினால் பனிக்கும் மழைக்கும் இரண்டு நாளில் தோலுரிந்து தொங்கும். அதனால் டீக்கடைக்கு உள்ளே, அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுவார்கள். இதையும் அங்கேதான் ஒட்டினார்கள். மேலே ஹீரோவின் கோபமான முகம். கீழே மரத்தில் கட்டிய மாமா. படத்தின் பெயரைவிடப் பலகையில் இருந்த 'திருடன்' பெரிதாகத் தெரிந்தது. அதே சுவரில்தான் போலீஸ்காரர்களும் 'இந்த நபரைக் கண்டால் தகவல் தரவும்' என்று நோட்டீஸ் ஒட்டுவார்கள்.

அப்புறம் என்ன? மாமா வெல்லம் வாங்கக் கடைக்குப் போனார். கடைக்காரர் இரண்டு பேரைக் கூப்பிட்டு, மாமாவை அமுக்கி, ஜீப்பில் ஏற்றிப் போலீஸிடம் கொண்டுபோய் விட்டார்.

"சினிமாவுல நடிச்சேங்கிற. சரி. படத்துல திருடுனியா இல்லியா, அதச் சொல்லு" என்றாராம் ஏட்டய்யா.

"தெரியாதுங்கையா. கதைய எங்கிட்டச் சொல்லல."

"திருடுனியா இல்லியான்னு ஒனக்கே தெரியாதா? ஒக்காரு அப்படி."

பொழுது சாயும்வரை உட்கார வைத்துவிட்டுத்தான் விட்டார்கள்.

படம் வந்திருந்தால் அதோடு தீர்ந்திருக்கும். படப்பெட்டி வரவே இல்லை. எந்த ஊருக்குப் போனது, என்ன ஆனது, யாருக்கும் தெரியவில்லை. வத்தலக்குண்டிலிருந்து யாரோ பாட்டுப் புத்தகம் வாங்கி வந்து கதைச்சுருக்கத்தைச் சத்தமாக வாசித்தார்களாம். மாடன் என்பது மாமா போட்ட வேஷம். கடைசி வரி இது: 'முதலாளியின் நகையைத் திருடியது ஏழை மாடன்தானா? மீதியை வெள்ளித்திரையில் காண்க.'

நாம் எங்கே காண? போஸ்டர் மட்டும் அடுப்புப் புகையில் வாடி வதங்கி வருடக்கணக்கில் கிடந்தது. தோட்டத்தில் கோழி காணாமல் போனாலும் மண்வெட்டி காணாமல் போனாலும் முதலில் மாமா முகத்தைத்தான் பார்ப்பார்கள். "மறுநா சிரிக்கச் சொன்னாங்களே, நா களவெடுத்திருந்தா சிரிக்கச் சொல்லுவாங்களா?" என்று மாமா கேட்பார். "களவாண்டவந்தான சிரிப்பான்" என்பார்கள்.

வகுப்பில் பென்சில் தொலைந்தால் எழுந்து நின்று, "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று ராகத்தோடு சொல்வது யார்? நான்தான். எல்லாரும் சிரிப்பார்கள். தியாகுவும் சிரிப்பான். அவனுக்கும் பிடித்திருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

4

ஃப்ளெக்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். சுற்றிச் சுற்றி எழுதுவது எனக்கே தெரிகிறது.

கூட்டாளி கல்யாணத்துக்கு ஃப்ளெக்ஸ் வைக்காதவன் கூட்டாளியா? ஒரு சிங்கம், ஒரு சிம்மாசனம், கீழே வரிசையாகக் கறுப்புக் கண்ணாடி போட்ட நம் மூஞ்சிகள். இது எல்லாரும் வைப்பது. நான் புதுசாக வைக்கிறேன் என்று கிளம்பினேன். டீக்கடைக்கு வெள்ளையடிக்கும் முன்னால் அந்தப் போஸ்டரைப் போனில் எடுத்து வைத்திருந்தேன். அதைப் பெரிதாக அடித்து, பக்கத்தில் தியாகுவின் மாப்பிள்ளைக் கோலத்தைப் போட்டு, 'திருடன் குடும்பத்தில் அடுத்த கைது! இன்று முதல்!' என்று சினிமா விளம்பரம் மாதிரியே எழுதினேன். மண்டபத்துக்குத் திரும்புகிற முனையில் கட்டினேன். என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே பெரிய நகைச்சுவை என்று நினைத்தேன். அளவில் பெரியதுதான், பத்துக்குப் பன்னிரண்டு.

பெண் வீட்டு வேன் வத்தலக்குண்டிலிருந்து ஏறி வந்து அந்த முனையில் நின்றது. பெண்ணுடைய தாய்மாமன் இறங்கிப் பார்த்தார்.

"யாருங்க இது, கட்டிப் போட்டுருக்கிறது?"

"மாப்ளையோட அப்பாங்க" என்றார் யாரோ.

"எதத் திருடுனாரு?"

நான் பக்கத்திலேயே நின்றேன். இது சினிமா போஸ்டர் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். அந்த நேரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு மாமா பட்டு வேட்டியோடு ஓடி வந்தார். கும்பிட்டார்.

"நா களவெடுக்கலீங்க. சினிமாப் படத்துக்கு நின்னேன்."

"அப்ப, படத்துல எடுத்தீங்களா?"

"அது தெரியாதுங்க" என்றார் மாமா.

நாற்பது வருடமாகச் சொன்ன அதே பதில். வேறு பதில் அவரிடம் இல்லை. யாரும் சிரிக்கவில்லை. வேனைத் திருப்புங்கள் என்று உள்ளே ஒருவர் சொன்னார். கடைசியில் பெண்தான் கதவைத் திறந்தது. "எனக்குக் காலு வலிக்குது, வழிய விடுங்க, எறங்கணும்" என்று சொல்லி, மாலையும் கையுமாக இறங்கி நடந்தது. அதனால்தான் அந்தக் கல்யாணம் நடந்தது. என்னால் அல்ல.

மாமா மகன் கல்யாணத்தில் பந்தியில் உட்காரவில்லை. சமையல்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டார். தாலி கட்டி முடித்ததும் தியாகு நேராக என்னிடம் வந்தான்.

"ஏலே ஜெரால்டு. ஒனக்கு எல்லாமே வெளாட்டுல்ல?"

"மாப்ள, சும்மாடா..."

"எங்கிட்ட இனி பேசாத."

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தி, மறுநாள் டீக்கடையில் சமாதானம் ஆகியிருப்போம். ஆறு மாதத்தில் நான் விமானம் ஏறினேன். போகிறேன் என்று அவனுக்குச் சொல்லக்கூட இல்லை.

5

இனி லைப்சிக். உல்ரிக்கே பேசுவது ஜெர்மன்தான். அதை நம் பேச்சிலேயே போடுகிறேன், அவருக்குத் தெரிந்தால் என்னைச் சட்டத்துக்குள் வைத்து ஆணி அடித்துவிடுவார்.

போன மாதம் நகர நூலகத்தில் ஒரு கண்காட்சி ஏற்பாடு ஆனது. பழைய சினிமா விளம்பரங்களில் அநீதியை எப்படிக் காட்டினார்கள் என்பது தலைப்பு. பல நாட்டுப் போஸ்டர்கள். அவற்றுக்குச் சட்டம் போடுவது எங்கள் கடை. அதற்காக உல்ரிக்கே வாங்கிய ஒரு கட்டைப் பிரித்தால் மேலேயே கிடந்தது 'பனிமலைத் தீர்ப்பு'. பாட்டுப் புத்தகம் ஒன்று, ஸ்டில்கள் ஓர் உறையில். நான்காவது ஸ்டில்லில் மாமா. மரம், கயிறு, பலகை, கரி, எல்லாம் அப்படியே.

நூலகத்துக்காரர்கள் கட்டை விற்றவரின் பட்டியலைப் பார்த்து முன்கூட்டியே ஒரு குறிப்புச் சீட்டு அடித்து அனுப்பியிருந்தார்கள்: 'தண்டிக்கப்படும் திருடன், இந்தியா'. மூன்றாவது நாட்டிலும் மாமாவுக்கு அதே மரியாதை.

அன்றைக்கு லீனாவை மழலையர் பள்ளியிலிருந்து நேராகக் கடைக்குக் கூட்டி வந்திருந்தேன். மேசையில் தாடையை வைத்து அந்தப் படத்தைப் பார்த்தாள்.

"இவர யாரு அவுத்து விட்டா?" என்று ஜெர்மனில் கேட்டாள்.

நம் மலையில் எல்லாரும் மாமாவைக் கேட்டது, எதைத் திருடினாய் என்றுதான். இந்தக் கேள்வி எனக்குப் புதுசு. அடுத்தடுத்த ஸ்டில்லை எடுத்துப் பார்த்தேன். ஐந்து, டூயட். ஆறு, சண்டை. ஏழில் போலீஸ் விலங்கோடு நிற்கிறது, யாருக்கு மாட்டப் போகிறார்கள் என்பது தெரியவில்லை. அவ்வளவுதான். மறுபடியும் வெள்ளித்திரையில் காண்க.

உல்ரிக்கே உறையைத் திருப்பிப் பார்த்தார். "ஏப்பா அந்தோணி, மேல எட்டுன்னு போட்டுருக்கு. ஏழுதான் கெடக்கு?"

எட்டு என்று எழுதி ஏழு இருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. நான் ஏழாவது ஸ்டில்லை விரலால் தடவினேன். தடிமனாக இருந்தது. ஈரத்தில் எட்டாவது அதன் முதுகில் ஒட்டிக் கிடந்தது.

"தொடாத. இதுக்குன்னு ஆளு இருக்காங்க, அனுப்புவோம். ஆறு மாசத்துல தருவாங்க" என்றார்.

"எங்க ஊர்ல நானே பிரிச்சிருக்கேன்."

"நீ சொல்றதுல பாதிதான் நெசம்." பாருங்கள், இங்கேயும் தெரிந்துவிட்டது.

ஆனால் இது நிஜமான பாதி. நம் ஊர்ப் பனியில் கல்யாண ஆல்பம் எல்லாம் ஐந்து வருடத்தில் செங்கல்லாகிவிடும். இழுத்தால் மாப்பிள்ளை மூக்கு மாமியார் கன்னத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பச்சைத்தண்ணீர்த் தட்டில் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். தானாக வழுக்கிக்கொண்டு வரும்வரை தொடக்கூடாது. எத்தனை வீட்டு ஆல்பம் பிரித்திருக்கிறேன்! சும்மா உட்காருகிற சோலி என்பதால் எனக்கு நன்றாக வரும்.

"கிழிஞ்சா?" என்றார்.

"கிழிஞ்சா ஒரு மனுசன் கடைசிவரைக்கும் திருடந்தான். கிழியாது" என்றேன். அப்புறம் மாமா கதை முழுவதையும் சொன்னேன். ஃப்ளெக்ஸ் உட்பட. என் ஜெர்மன் எப்போதும் நொண்டும், அன்றைக்கு அதுவும் நொண்டாமல் வந்தது. ஃப்ளெக்ஸில் எழுதிய வரியைச் சொன்னபோது உல்ரிக்கே சிரிக்கவில்லை. தண்ணீர்த் தட்டை அவரே எடுத்து வந்து வைத்தார்.

ஒரு மணி நேரம். லீனா மூன்று தடவை "வா" என்று ஸ்டில்லைக் கூப்பிட்டாள். கடைசியில் ஓர் ஓரம் நெகிழ்ந்தது. மெல்ல மெல்ல வழுக்கிப் பிரிந்தது. ஹீரோவின் முகம் மட்டும் ஏழாவதோடு ஒட்டிக்கொண்டு போய்விட்டது. போகட்டும், அவருக்கு வேறு படங்கள் இருக்கும்.

எட்டாவது ஸ்டில்: பாட்டுப் புத்தகத்தில் முதலாளியின் மகன் என்று படத்தோடு போட்டிருந்த ஆளின் கையில் விலங்கு. 'திருடன்' பலகை இப்போது அவன் கழுத்தில். பக்கத்தில் கதாநாயகி, முகமில்லாத ஹீரோ, அப்புறம் சுப்பையா மாமா. கழுவிய முகம், நல்ல சட்டை. சும்மா நின்று சிரிக்கிறார்.

"நல்லாச் சிரிக்கிறாரு" என்றார் உல்ரிக்கே. நான் கைகழுவப் போகிறேன் என்று உள்ளே போய்விட்டேன். கை ஏற்கெனவே தண்ணீரில்தான் இருந்தது.

6

குறிப்புச் சீட்டை மாற்றச் சொல்லி நூலகத்துக்கு எழுதினேன். ஆதாரம் கேட்டார்கள். எட்டாவது ஸ்டில்லை அனுப்பினேன். வேறு தாள் கேட்டால் வேறு தாள் கொண்டுபோய்க் கொடுத்த அனுபவம் எனக்கு அதுதான் முதல் தடவை. நான்காவதையும் எட்டாவதையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள். புதுச் சீட்டில் ஹீரோ பெயர் இல்லை. 'சுப்பையா, தோட்டத் தொழிலாளி. திருடவில்லை.' ஜெர்மன் பிழையைக் காத்தரினா திருத்தினாள். கடைசி வார்த்தை சீட்டில் தேவையா என்று நூலகத்து ஆள் கேட்டார். தேவை என்றேன். போட்டார்.

போன் அந்த ஃப்ளெக்ஸைக் காட்டிய அன்றைக்கு, எட்டாவது ஸ்டில்லைப் படம் எடுத்துத் தியாகுவுக்கு அனுப்ப உட்கார்ந்தேன். கூடவே ஒரு வரி எழுத வேண்டுமே. முதலில் ஒரு ஜோக் எழுதினேன். அழித்தேன். இன்னொன்று எழுதினேன், அது நல்ல ஜோக், அதையும் அழித்தேன். நான் எழுதி அழித்த ஜோக்குகளை மட்டும் சேர்த்தால் ஒரு பாட்டுப் புத்தகமே போடலாம். கடைசியில், "மாமா திருடல. படத்துலயும் திருடல. அன்னிக்கு நான் பக்கத்துலயே நின்னுக்கிட்டு வாயத் தெறக்கல. தப்பு எம்மேலதான்" என்று அனுப்பினேன்.

பார்த்துவிட்டான் என்று இரண்டு நீலக் கோடு வந்தது. அதன் பிறகு ஒன்றும் இல்லை. இரண்டு நாள். நான் கடையில் ஒரே சட்டத்துக்கு இரண்டு தடவை கண்ணாடி வைத்தேன். ஊரில் அப்பாவைக் கூப்பிட்டு, தியாகு வீட்டுப் பக்கம் ஏதும் பேச்சு உண்டா என்று விசாரித்தேன். "அவன் வெள்ளனே பண்ணைக்குப் போறான், பொழுது சாய வாறான். ஒனக்கு என்னலே அங்கிட்டு சோலி?" என்றார்.

மூன்றாவது நாள் காலை, லீனாவுக்குக் காலுறை போட்டுக்கொண்டிருந்தபோது போன் சத்தம் போட்டது. தியாகு. ஐந்து வருடத்தில் முதல் தடவை. ஒரே வரி:

"அப்பாட்ட நா காட்ட மாட்டேன், நீயே வந்து காட்டுலே."